வோல்ட், ஆம்பியர், வாட்: நமக்கும் தெரிய வேண்டிய கணக்கு

மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி என்று எதை வாங்கினாலும் அடியில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? '230 வோல்ட், 750 வாட்' என்று ஏதோ போட்டிருக்கும். நம்மில் பாதிப் பேர் அதைத் துடைப்பதோடு சரி, படிப்பதில்லை. "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று விட்டுவிடுகிறோம். அவர் காலையில் தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்துப் போய்விட்டால், சாயங்காலம் வரை அந்தப் பிளக்குகளோடு மாரடிப்பது நாம்தானே!

மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். அந்த அழுத்தம் மாதிரிதான் வோல்ட். குழாயில் ஓடுகிற தண்ணீரின் அளவு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தால் ஓட்டம் தடைப்படும் அல்லவா, அதுதான் மின்தடை. அதை ஓம் என்று அளக்கிறோம். ஜார்ஜ் ஓம் என்கிற ஜெர்மன் பள்ளிக்கூட வாத்தியார் 1827-ல் புத்தகமாக வெளியிட்ட விஷயம் இது. பூட்டுத் தொழிலாளியின் மகன் அவர். நாமும் பத்தாம் வகுப்பில் நெட்டுருப் போட்டோம், பரீட்சையோடு மறந்தோம்.

கணக்கு இவ்வளவுதான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி என்றால் 1000-ஐ 230-ஆல் வகுங்கள்: சுமார் 4.3 ஆம்பியர். 230-ஐ 4.3-ஆல் வகுத்தால் அதன் மின்தடை சுமார் 53 ஓம். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்போ, கீஸரோ 8.7 ஆம்பியர் இழுக்கும். மோட்டார் உள்ள சாமான்களுக்கு இது உத்தேசக் கணக்குதான், கொஞ்சம் கூடவே இழுக்கும்.

இப்போது சுவரைப் பாருங்கள். சின்ன பிளக் 6 ஆம்பியருக்கு, பெரிய பவர் பிளக் 16 ஆம்பியருக்கு. இஸ்திரிப் பெட்டி சின்னதில் தாங்கும். ஆனால் அதே சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, பக்கத்தில் 700 வாட் ரைஸ் குக்கரையும் சொருகினால் இன்னொரு 3 ஆம்பியர். மொத்தம் 7.3. பாக்ஸில் நாலு ஓட்டை இருக்கிறது என்பதற்காக நாலு சாமான் தாங்கும் என்று அர்த்தமில்லை!

இதைவிடப் பொல்லாதது லூசான பிளக். ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, ஓமாலும் பெருக்கினால் அந்த இடத்தில் உண்டாகிற சூடு வாட் கணக்கில் வந்துவிடும். சொருகிய இடம் தேய்ந்து, அங்கே வெறும் அரை ஓம் தடை ஏற்பட்டிருக்கிறது என்று வையுங்கள். இண்டக்ஷன் அடுப்பு ஓடும்போது 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி, அதில் பாதி, சுமார் 38 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர்காரர் ஈயம் உருக்கப் பற்று வைக்கிறாரே, அந்தக் கம்பி பல கடைகளில் 25 வாட்தான்! பிளக் கருகாமல் என்ன செய்யும்? மொத்த ஆம்பியர் கூடாததால் எம்.சி.பி.யும் விழாது. தொட்டால் சுடுகிற பிளக், மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம், பழுப்பேறிய சாக்கெட் இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மாற்றச் சொல்லுங்கள். நூறு, இருநூறு ரூபாய்க்குப் பார்க்கிற சமாசாரமில்லை.

இந்தச் சூட்டுக் கணக்குக்கு நம் ஊர் ரயிலே சாட்சி. 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தபோது மேல் கம்பியில் 1500 வோல்ட். 1960-களில் அதை 25,000 வோல்ட்டாக மாற்றினார்கள். வோல்ட் பதினாறு மடங்குக்கு மேல் ஏறினால், அதே வாட்டுக்கு ஆம்பியர் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கம்பியில் வீணாகும் சூடோ இருநூறில் ஒரு பங்குகூட இராது.

கோடையில் வோல்டேஜ் இறங்குகிறதே, அப்போது? 180 வோல்ட்தான் வருகிறது என்றால் 53 ஓம் இஸ்திரிப் பெட்டியில் 3.4 ஆம்பியர்தான் ஓடும். 1000 வாட் பெட்டி சுமார் 610 வாட்டில் வேலை செய்யும். துணி மடிப்பு போக நேரமாகும், பெட்டி கெடாது. மோட்டார் அப்படியில்லை. சுற்ற முடியாமல் திணறி அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். அந்த நேரத்தில் கிரைண்டரில் மாவு ஆட்ட வேண்டாம், பொழுது விடிந்து ஆட்டிக்கொள்ளலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு கணக்கு அவசியம். ஈரமான உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க 50, 100 மில்லி ஆம்பியரே போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது கொசுக்கடி, அசையக்கூட அசையாது. வாளியில் ஹீட்டர் ராடு போட்டுவிட்டு, சூடு வந்ததா என்று சுவிட்சை அணைக்காமல் விரலை விட்டுப் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் முன் துண்டித்துவிடும். பழைய வாடகை வீடுகளில் பெரும்பாலும் இராது. வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கினால் சுவிட்ச் 'டக்'கென்று கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.