ஆத்தங்குடிக் கல்லின் மேல் வீண்பழி

காரைக்குடியில் உள்ள எங்கள் பூர்விக வீட்டின் இரண்டாம் கட்டைச் சில ஆண்டுகளுக்கு முன்பு, மகள் திருமணத்தை முன்னிட்டுப் புதுப்பித்தோம். பழைய தளம் பெயர்ந்து கிடந்ததால் ஆத்தங்குடிக் கல் பதிப்பதென்று முடிவாயிற்று. ஊருக்கே சென்று, சிவப்பில் பூ வேலைப்பாடு அமைந்த கல்லைத் தேர்ந்தெடுத்து வந்தோம். திருமணம் சிறப்பாக நடந்தது. ஆறு மாதம் கழிவதற்குள் சிவப்பின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. நடக்கும்போது சில கற்கள் பொள்ளென்று ஒலித்தன. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் வழங்கினார்கள்: "ஆத்தங்குடிக் கல் இப்போது முன்போல் இல்லை."

நானும் அதை நம்பினேன், ஒலித்த கற்களைப் பெயர்த்துப் பார்க்கும்வரை. கல் கெட்டியாகவே இருந்தது. அதன் அடியில் இருந்த சிமென்ட் தளம்தான் விரலால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டெடுக்கப்படுவதன்று. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் கரைசலை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமென்ட்-மணலைத் தூவி, பின்புறத்தைக் கலவையால் நிரப்பி, நீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் பரவிய சிமென்ட் ஓட்டின் உறவு இது. அங்கு எந்திர அழுத்தம் செய்த வேலையை இங்கே கை செய்கிறது. எனவே இந்தக் கல் நுண்துளைகள் உடையது. கீழிருந்து வரும் ஈரம் அதனூடே மேலேறும். வண்ணப் படலமும் மெல்லியது. ஏற்ற இறக்கமாகப் பதித்துவிட்டுப் பிறகு எந்திரத்தால் தேய்த்துச் சமன்செய்ய வழியில்லை. மட்டம் அடித்தளத்திலேயே அமைந்தாக வேண்டும்.

அந்த அடித்தளத்தில் என்ன பிழை நேர்ந்தது? கலவையில் நீர் மிகுந்துவிட்டது. கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. மிகையான நீர் மேலே வரும்போது சிமென்டின் நுண்துகளையும் தூக்கிவந்து, காய்ச்சிய பாலின் ஆடைபோல வலுவற்ற படலமாகப் படியவிடும். அதன்மேல் எதை ஒட்டினாலும் அந்த ஆடையோடு பெயர்ந்து வரும். சிமென்டைக் கூட்டினால் உறுதி கூடும் என்ற எண்ணமும் பொதுவாக உண்டு. சிமென்ட் மிகுந்தால் சுருக்கமும் வெடிப்பும் மிகும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு மணல் போதுமானது.

அடியில் இருந்த பழைய கான்கிரீட்டையும் யாரும் கொத்திவிடவில்லை. வழவழப்பான பரப்பைக் கொத்தி, தூசியைக் கூட்டி, நீர் தேங்காதவாறு நனைத்து, சிமென்ட் பாலைத் தேய்த்து, அது உலரும் முன்பே கலவையைப் போட வேண்டும். இவற்றில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் நடக்கவில்லை. கொத்தனாரைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. முகூர்த்தத் தேதியைச் சொல்லி நாள்தோறும் அவரை விரட்டியவன் நான்தான்.

நீராற்றுதலும் உலர்தலும் வேறுவேறு என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. தளம் போட்ட மறுநாள் முதல் பாத்தி கட்டி நீர் தேக்குவது சிமென்ட் இறுகுவதற்காக. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், இன்று பரவலாக விற்கும் சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. அதன்பின் அந்த நீர் வெளியேற வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் என்பது பிரிட்டனில் வழங்கும் தோராயக் கணக்கு. ஒன்றரை அங்குலத் தளத்துக்கு ஏறத்தாழ 40 நாள். நம் சித்திரை வெயிலில் இது குறையலாம், ஐப்பசி மழையில் கூடும். வினைல் விரிப்புக்கும் மரப்பலகைக்கும் இந்தக் காத்திருப்பு கட்டாயம். ஈரச் சாந்தில் பதிக்கும் கல்லுக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை என்றாலும், தளத்தில் தங்கிய நீர் சிமென்டிலிருந்து விடுபடும் சுண்ணாம்பைக் கரைத்து மேலே கொண்டுவரும். அது காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்படலமாகும். சிவப்பிலும் கரும்பச்சையிலும் அது பளிச்சென்று தெரியும். ஈரம் போகும் முன்பே பளபளப்புக்காக மேலே வார்னிஷ் பூசிவிடுவது, கொதிக்கும் பானையை இறுக மூடுவது போன்றது.

பழைய செட்டிநாட்டு வீடுகள் உயர்ந்த பீடத்தில் அமைந்தவை. அவற்றின் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தைச் சிறைப்படுத்தாமல் ஆவியாக வெளிவிடும். அக்காலத்தில் ஒரு வீடு எழும்ப ஆண்டுகள் பல பிடித்தன. தளம் தானாகவே உலர்ந்தது. அவகாசமே அங்கு பாதி வேலையைச் செய்தது.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. பழைய வீடுகள் பல இன்று விடுதிகளாகப் புதுப்பிக்கப்படுகின்றன. அந்த மதிப்பீடுகளில் கல்லுக்கும் பதிப்புக் கூலிக்கும் இடம் இருக்கிறது. தளம் உலரும் நாள்களுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. கைத்தொழிலாக வாழும் கல் ஒவ்வொரு வீட்டிலும் பிறர் பிழைக்குப் பழி சுமந்தால், அடுத்த வாடிக்கையாளர் தொழிற்சாலை ஓட்டைத்தான் நாடுவார்.

மறுமுறை நாங்கள் தேதி எதுவும் குறிக்கவில்லை. தளம் போட்டு நீராற்றி, ஒன்றரை மாதம் கூடத்தைப் பூட்டி வைத்தோம். முழச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு விளிம்பும் காற்றுப் புகாமல் ஒட்டி, மறுநாள் காலை எடுத்துப் பார்த்தார் கொத்தனார். முதல் தடவை தாளின் அடியில் வியர்த்திருந்தது. "இன்னும் பத்து நாள் போகட்டும்" என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை.