வெண்ணெய் திரளாதது ஏன்?

கோடையில் வெண்ணெய் குறைந்தால் மாட்டைக் குறை சொல்வது வழக்கம். மாடு பாவம்! பல சமயம் தவறு கடைவதில்தான் இருக்கிறது.

மத்து ஒரே பக்கமாகச் சுழன்றால் தயிரும் கூடவே சுற்றிவிடும். கயிற்றை மாறி மாறி இழுப்பதால் மத்து வலமும் இடமுமாகச் சுழன்று தயிரை அடித்துக் கலக்குகிறது. கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. பானையில் பாதிக்கு மேல் தயிர் ஊற்றக் கூடாது. நுரை எழும்ப இடம் வேண்டும்.

விடியற்காலையிலேயே கடைவது நல்லது. தயிர் சூடாக இருந்தால் கொழுப்பு இளகி மோரோடு போய்விடும். மண்பானைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மார்கழிக் குளிரிலோ வெதுவெதுப்பான நீர் தேவைப்படும்.

வெண்ணெய் கடுகு போலத் திரண்டதும் நிறுத்தி, குளிர்ந்த நீரில் அலச வேண்டும். மேலும் கடைந்தால் மோர் உள்ளே சிக்கி, வெண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடும்.