இரவில் பல் கடிப்பும் தாடை வலியும்

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே தாடை கனக்கிறது, நெற்றிப்பொட்டு தெறிக்கிறது என்று சொல்லும் வணிகர்கள் பல்லடம் கடைவீதியில் நமக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். பல்வலி என்று நினைத்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம். மத்தியானத்திற்குள் வலி குறைகிறது. மறுநாள் காலை திரும்ப வருகிறது. வலி இப்படி வந்து போனால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

கடிப்பவருக்கு அது தெரியாது. வீட்டம்மாவைத்தான் கேட்க வேண்டும். நறநறவென்று அரைப்பவர் என்றால் அவர்களே சொல்லிவிடுவார்கள். சத்தமில்லாமல் இறுக்குபவர்களும் உண்டு. அவர்களைத் தேய்ந்த பல், பல் கூச்சம், நாக்கின் ஓரத்தில் பதிந்த பல் தடம் ஆகியவை காட்டிக்கொடுக்கும். வயது வந்தவர்களில் 100 பேருக்கு 8 முதல் 13 பேர் வரை இந்தப் பழக்கம் இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

வயிற்றில் பூச்சி இருந்தால் பல்லைக் கடிப்பார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பெரியவர்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்து இது நின்றதாக நாம் பார்த்ததில்லை. மனக்கவலை, சிகரெட், மது, அளவு மீறிய டீ காபி, மன அழுத்தத்திற்குத் தரும் சில மாத்திரைகள் ஆகியவை இதைக் கூட்டுகின்றன. நமக்குக் கவலைக்கா பஞ்சம்? 2022லும் 2025லும் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றபோது, தறிக்காரர் வீட்டு மளிகைச் சிட்டையும் அல்லவா நின்றது! மண்டிக்காரருக்கு மட்டும் தவணை தள்ளவில்லை.

இதற்குப் பல் டாக்டர்கள் தருவது நைட் கார்டு என்னும் பல் கவசம். 1901லேயே வியன்னாவில் கரோலி என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் பல்லுக்கு அளவெடுத்து, கெட்டியான அக்ரிலிக்கில், மேல்வரிசை அல்லது கீழ்வரிசைப் பற்கள் முழுவதையும் மூடும்படி செய்கிறார்கள். இரவில் மட்டும் போட வேண்டும். கடிக்கும் பாரம் எல்லாப் பல்லுக்கும் சமமாகப் பிரிகிறது. தேய்வதும் கவசம்தான், பல் அல்ல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கவசம் கடிக்கும் பழக்கத்தை நிறுத்துவதில்லை. பல்லைக் காக்கிறது, பலருக்குக் காலை வலியைக் குறைக்கிறது, எல்லோருக்கும் அல்ல. செலவைப் பார்த்துத் தயங்குபவர்கள், ஒரு கடைவாய்ப் பல் பிளந்தால் ரூட் கனாலுக்கும் கேப்புக்கும் என்ன ஆகும் என்று விசாரித்துப் பார்க்கட்டும். ரெடிமேடாக வரும் மெத்தென்ற கவசத்தைச் சிலர் தூக்கத்தில் இன்னும் அதிகமாக மெல்லுகிறார்கள். முன்பல்லுக்கு மட்டும் மாட்டுவதை மாதக்கணக்கில் போட்டால் கடி மாறிவிடும். கடி சரியில்லை என்று நல்ல பல்லை ராவச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாமல் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். ராவிய பல் வளராது.

பகலிலும் நம் கையில் ஒரு வைத்தியம் இருக்கிறது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டியதில்லை. கணக்கு எழுதும்போது உதடு மூடி, பல் விலகி இருக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் தளர்த்துங்கள். இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்.

எல்லாத் தாடை வலியும் இதுவல்ல. பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். பாக்கு போடுபவருக்கு வாய் திறப்பது வரவரக் குறைந்தால் அது வேறு நோய், புற்றுநோயாகவும் மாறக்கூடும். மூட்டை தூக்கும்போது தாடையில் வலி வந்து, நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் பல் டாக்டரைத் தேட வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108ஐ அழையுங்கள்.

கவசத்தைக் காலையில் பச்சைத் தண்ணீரில் பிரஷ்ஷால் கழுவி டப்பாவில் வையுங்கள். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். கடை மாடியிலேயே குடியிருப்பவர்கள் டப்பாவை மூடி வைக்கவும். எலிக்கு அக்ரிலிக் என்றும் அரிசி என்றும் பேதமில்லை. பல் டாக்டரிடம் மறுபடி போகும்போது கவசத்தையும் எடுத்துப் போங்கள். தேய்ந்த இடத்தைப் பார்த்து அவர் சரிசெய்து தருவார்.