பூட்டன் பெயர்

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் முழுகி, ஆடி அமாவாசைத் தர்ப்பணத்துக்கு இருந்தால் தகப்பன், பேரன், பூட்டன் என மூன்று பெயர் சொல்ல வேண்டும். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருவோர் பலர் மூன்றாவதில் தடுமாறுகிறார்கள். அந்தப் பூட்டன்தான் பெரும்பாலும் மலாயாவுக்கு முதலில் கப்பலேறியவர்.

1885இல் அங்கே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது. பிறகு நிலையங்களுக்கும் கந்தோர்களுக்கும் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். கீரிமலைக்கு அயலிலுள்ள தெல்லிப்பழையில் 1816இலேயே அமெரிக்க மிஷன் கால்பதித்திருந்தது. அதன் பள்ளிகளில் படித்தவர்களும் போனார்கள்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரே முன்னால் நிற்கும். பூட்டன் பெயரைத் தேடுவோருக்கு அது பெரிய துணை: ஒருவரின் முழுப்பெயர் கிடைத்தால் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். அப்படியொரு முழுப்பெயரைத் தேட, வீட்டிலுள்ள பழைய காணி உறுதியை முதலில் விரித்துப் பாருங்கள்.