தோட்டத்தில் பிறந்தும் சிவப்பு அட்டை ஏன்?

சுங்கை பூலோ - ரப்பர் ஆராய்ச்சிக் கழகத் தோட்டம் இருந்த நிலத்தில் குவாசா டாமன்சாரா நகரம் எழுந்து வருகிறது. தோட்டங்கள் மறைந்தாலும், நாட்டில் தோட்ட மக்கள் சிலரின் சிவப்பு அடையாள அட்டை இன்னும் நீலமாகவில்லை.

காரணம் என்ன? 1957 ஆகஸ்ட் 31 முதல் மலாயாவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தானாகவே கிடைத்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களும் விவரம் அறியாதவர்களும் விடுபட்டனர்.

1962-இல் சட்டம் இறுகியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வந்ததும், பலர் தமிழகத்துக்குக் கப்பலேறினர்.

ஆகவே திருமணத்தையும் பிள்ளையின் பிறப்பையும் தாமதமின்றிப் பதிந்துவிடுங்கள். அன்று விடுபட்ட ஒரு பத்திரமே பலரை இன்றும் அந்நியராக வைத்திருக்கிறது.