வெளுத்த வண்டிக்குக் கடைச் சரக்கு மருந்தாகுமா?

நம் உறுப்பினர்களில் பலரிடம் சரக்கு வேனோ பழைய அம்பாசிடர் காரோ இருக்கிறது. நாள் முழுதும் கடை வாசல் வெயிலில் நிற்கும் வண்டி, சில ஆண்டுகளில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுகிறது. முழுதாகப் பெயிண்ட் அடிப்பதோ பெருஞ்செலவு. ஆகவே பற்பசை, ஆப்பசோடா, தேங்காய் எண்ணெய் என்று கடையில் உள்ளதையே எடுத்துத் தேய்க்கிறோம். எது என்ன செய்யும் என்று தெரிந்து கை வைப்பது நல்லது. சீவிப்போன பெயிண்ட் திரும்பி வராது.

பெயிண்டில் நிறப்பொடியும், அதைப் பிடித்து நிறுத்தும் பிசினும் உண்டு. வெயிலும் காற்றும் மேலுள்ள பிசினைச் சிதைக்க, பிடிப்பிழந்த பொடி மாவாய்ப் படிகிறது. சிவப்பு வண்டி ரோஸ் நிறமாவது இதனால்தான். மாவுக்குக் கீழே நல்ல பெயிண்ட் இருந்தால் பளபளப்பை மீட்கலாம்.

வண்டியை நிழலில் கழுவி, ஈர வெள்ளைத் துணியில் துளி பற்பசை வைத்து, மறைவான ஓர் இடத்தில் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது ஒற்றைப் பூச்சு. பழைய வண்டிகள் பெரும்பாலும் இவ்வகை. இவைதான் நன்றாக மீளும். நிறம் ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு இருக்கிறது. அது தோலாக உரியத் தொடங்கியிருந்தால் எந்தப் பசையும் உதவாது, பெயிண்டரிடம்தான் போகவேண்டும்.

பற்பசை பெயிண்டுக்கு ஊட்டம் எதுவும் தருவதில்லை. அதிலுள்ள நைசான பொடி, செத்த மேற்படலத்தை அராவி எடுக்கிறது, அவ்வளவே. வெள்ளைப் பசையாகப் பார்த்து, பழைய பனியன் துணியில் ஒரு சாண் இடமாக மெல்லத் தேய்த்துக் கழுவவேண்டும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிந்திருக்கும், அங்கே அழுத்தக்கூடாது. ஆப்பசோடா இதைவிட மென்மை. பாத்திரம் துலக்கும் பொடியை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், கீறல் விழும். புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கு ஆகும், பெயிண்டுக்கு ஆகாது.

தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் வேறு கதை. நனைந்த கல் கறுத்துத் தெரிவதுபோல், எண்ணெய் பட்ட இடம் புதிதாகத் தெரியும். மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. தேங்காய் எண்ணெயில் தூசி அப்பும். பழைய வண்டி வாங்கப் போகும் அன்பர்கள், பளபளப்பைக் கண்டதும் விலை பேசிவிடாமல் சோப்புத் துணியால் ஓரிடம் துடைத்துப் பார்க்கட்டும்.

சரி, வேன் முழுவதற்கும் பற்பசை போதுமா? எத்தனை டியூப் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பற்பசை விற்கும் நானே சொல்கிறேன்: சிறு திட்டுக்கும், மஞ்சளித்த முன்விளக்குக்கும் அது சரி, முழு வண்டிக்கு ஆட்டோ உதிரிபாகக் கடையில் ரப்பிங் காம்பவுண்ட் டப்பா வாங்குவதே லாபம். எதனால் தேய்த்தாலும் முடிவில் வாகன மெழுகு ஒரு கை பூசி, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். மெழுகில்லாத பெயிண்ட் மறுபடி வெயிலுக்கு நேராக நிற்கிறது. அடுத்த கோடைக்குள் வெளுக்கத் தொடங்கிவிடும்.