ஜங்ஷன் என்றொரு ஊர்

வடக்கு வேல்ஸில், கான்வி ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், லாண்டிட்னோ ஜங்ஷன் என்று ஓர் ஊர். ஸ்டேஷனுக்குத்தான் ஜங்ஷன் என்று பேர் வைப்பார்கள். இங்கே ஊருக்கே அதுதான் பேர். அதிலும் பாதி இரவல். லாண்டிட்னோ சில மைல் தள்ளியிருக்கிற வேறொரு ஊர். வெல்ஷ் மொழியிலும் ‘கஃபோர்த் லாண்டிட்னோ’தான், பாதைகள் கூடுமிடம் என்று அர்த்தம். செய்கிற வேலையே பேராகிப்போன ஊருக்கு வரலாறு எழுதுவது எப்படி?

முதலில் தண்டவாளம், அப்புறம்தான் ஊர். செஸ்டரிலிருந்து பாங்கோர் வரை 1848இல் பாதை திறந்தார்கள். லண்டனையும் டப்ளினையும் இணைப்பதுதான் நோக்கம். வேல்ஸ் வழியில் கிடந்தது, அவ்வளவுதான். 1858இல் லாண்டிட்னோவுக்குக் கிளைப்பாதை பிரிந்தபோது இங்கே ஸ்டேஷன் வந்தது. 1863இல் பள்ளத்தாக்கு வழியே லான்ரூஸ்டுக்கு இன்னொரு கிளை. 1879இல் அது ஸ்லேட் கல் வெட்டும் பிளைனை ஃபெஸ்டினியோகை எட்டியது. இடம் போதாமல் 1897இல் ஸ்டேஷனைத் தள்ளிக் கட்டினார்கள். எஞ்சின் ஷெட், வரிசை வீடுகள், டிரைவர், ஃபயர்மேன், போர்ட்டர் குடும்பங்கள் என்று ஊர் திரண்டது.

சுற்றியுள்ள மூன்று ஊர்களையும் ஒரே பிரதியாக வாசிக்கலாம். அக்கரையில் கான்வி: முதலாம் எட்வர்ட் 1283இல் கட்டத் தொடங்கிய, வெற்றிகொண்டவனின் கோட்டை. வடக்கே லாண்டிட்னோ: மோஸ்டின் ஜமீன் திட்டமிட்டு எழுப்பிய ஓய்வு நகரம். நடுவில் ஜங்ஷன்: உழைப்பு. கோட்டை 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கடற்கரையைப் பார்க்க ஜனங்கள் இன்னும் வருகிறார்கள். ஜங்ஷனில் வண்டி மாறுவார்கள். ஊரைப் பார்க்க யாரும் இறங்குவதில்லை. பாரம்பரியம் என்கிற சொல்லாடல் எதைப் பார்க்கவைக்கிறது, எதை மறைக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா என்ன?

மறைந்ததைப் பார்த்தவர் ரேமண்ட் வில்லியம்ஸ். வேல்ஸின் எல்லையோரக் கிராமமான பாண்டியில் ஒரு சிக்னல்மேனின் மகன். 1960இல் வந்த அவருடைய ‘எல்லை நாடு’ நாவலில் 1926 பொது வேலைநிறுத்தம் ஒரு சின்ன ஸ்டேஷனுக்குள் வந்து சேருகிறது. சிக்னல்மேன் கிராமத்தில் தோட்டம் போடுகிறவன்தான். ஆனால் அவன் கைநெம்புகோலில் தூரத்து நகரங்களும் தொங்குகின்றன. கிராமம் என்றால் மூடிய உலகம் என்று நாம் வைத்திருக்கிற எதிர்வு இங்கே நிற்காது.

ஜங்ஷனின் எஞ்சின் ஷெட் 1966இல் மூடப்பட்டது. 1991இல் ஆற்றுக்கடியில் மோட்டார் சாலைக்குச் சுரங்கம். அதற்காகத் தோண்டிக் கொட்டிய மண்ணில் 1995இல் பறவைகள் சரணாலயம். 2010இல் வேல்ஸ் அரசின் அலுவலகம். ரயில் இன்னும் ஓடுகிறது, ஆனால் ஊரே அதை நம்பியில்லை. பயன் குறைந்தால் ஊர் காலி என்பது முதலாளியக் கணக்கு. வேலைக்கென்று கொண்டுவந்து வைத்த ஜனங்கள் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. இரவல் பேரோடேயே அதைத் தங்கள் ஊர் ஆக்கிக்கொண்டார்கள். எழுதவேண்டிய வரலாறு அதுதான்.